செத்தவீட்டுச் சுவிச்

எங்கள் மாமா சோறு இல்லாமல் ஒரு நாள் இருப்பார், றேடியோ இல்லாமல் ஒரு மணித்தியாலம் இருக்கமாட்டார். நெல்லியடியில் வாடகைக்கு, ஹயருக்கு ஓடிய அவருடைய பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரின் ஒரு கதவு கயிற்றால் கட்டியிருக்கும். ஆனால் உள்ளே இருந்த கசற் றேடியோ புத்தம்புதுசு. மாமாவின் முழங்காலடியில் ஒரு ஸ்பீக்கர், பின் கண்ணாடிக்குக் கீழே இரண்டு. கலியாணவீட்டு ஹயர் என்றால் பின்னுக்கு இருப்பவர்களின் காது கிழிந்துவிடும்.

சிக்கல் செத்தவீட்டு ஹயரில்தான் வந்தது. பின் சீற்றில் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, அவர்களின் பிடரிக்குப் பின்னால் கிரிக்கெட் வர்ணனை ஓடினால் யார்தான் பொறுப்பார்கள்? அதற்காகக் கிரிக்கெட்டை விடவும் மாமாவுக்கு மனமில்லை. ஒருநாள் பின்னுக்குப் போகும் வயரை வெட்டி, இரண்டு நுனியையும் மேசை லாம்பிலிருந்து கழற்றிய சுவிச் ஒன்றில் முறுக்கி, டாஷ்போட்டில் ஓட்டை போட்டுப் பூட்டிவிட்டார். மேலே தட்டினால் கார் முழுக்கப் பாடும். கீழே தட்டினால் பின்னுக்கு மூச்சுப்பேச்சில்லை. மாமாவின் முழங்கால் மட்டும் கிரிக்கெட் கேட்கும். செத்தவீட்டுக்குப் போகும்போது தவிர அவர் அதைக் கீழே தட்டியதே இல்லை. அம்மாவின் தங்கையான சின்னம்மா அதற்குச் செத்தவீட்டுச் சுவிச் என்று பெயர் வைத்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஊரே அப்படித்தான் சொன்னது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. சின்னம்மா தலைப்பிள்ளைக்கு நிறைமாதம். கொழும்பில் வேலை பார்த்த சித்தப்பா, பிள்ளைப்பேற்றுக்கு நிற்கவேண்டுமென்று முதல்நாள் இரவு பஸ்ஸில் வெளிக்கிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். விடிய வந்திருக்க வேண்டிய மனிதர் பத்து மணியாகியும் வரவில்லை. அதற்குள் சின்னம்மாவுக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பிள்ளை தலைமாறிக் கிடக்கிறது, பிறஷரும் ஏறியிருக்கிறது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார்கள். வழியில் மனம் பதற விட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று மாமாவிடம் தனியாகச் சொன்னார்கள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் எனக்கும் கேட்டது.

கார் வெளிக்கிடும் நேரம் பார்த்து, தெரிந்த லொறிக்காரர் ஒருவர் மாமாவை வாசலுக்கு அப்பால் கூட்டிக்கொண்டுபோய் ஏதோ சொன்னார். திரும்பி வந்த மாமாவின் முகம் நான் அறிந்த முகமாக இல்லை. என்னை வீட்டில் விட ஆளில்லாததால் முன் சீற்றில் ஏற்றினார். பின்னுக்கு அம்மாவின் மடியில் சின்னம்மா சாய்ந்திருந்தார்.

வல்லை வெளிக்கு வந்தபோது சின்னம்மா முனகலுக்கிடையில் கேட்டார்.

"அண்ணை, செய்தி நேரமெல்லோ. றேடியோவை ஒருக்காப் போடுங்கோவன். அவர் இன்னும் வந்து சேரேல்லை."

பின் ஸ்பீக்கருக்குப் போகிற வயர் கழன்றுவிட்டது, வேலை செய்யாது என்று மாமா கூசாமல் சொன்னார். சொல்லிக்கொண்டே சுவிச்சைக் கீழே தட்டிவிட்டு, றேடியோவை மிக மெல்லத் திருகினார். காலையில்தான் அதே ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்ட எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நோவோடு கிடக்கிறவரிடம் என்ன பொய் இது!

அந்த நேரம் பார்த்துக் கார் றோட்டில் பள்ளமாய்க் கிடந்த ஒரு கிடங்கில் இறங்கி ஏறியது. சுவிச்சின் ஸ்பிறிங் எப்போதோ தேய்ந்துபோனது. அது தானாக மேலே நிமிர, பின்னுக்குச் சவர்க்கார விளம்பரம் ஒன்று அலறிற்று. மாமா பாய்ந்து அதைக் கீழே அடித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, பின்னுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"இதை அமத்திப் பிடி பிள்ளை. என்ன நடந்தாலும் விரலை எடுத்துப்போடாதை."

பிடித்தேன். விளம்பரம் முடிந்து செய்தி தொடங்கியது. மாமாவின் முழங்காலடியிலிருந்து ஒரு குரல் நிதானமாக வாசித்தது. நேற்றிரவு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த பஸ் ஒன்று வழியில் மறிக்கப்பட்டது. பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். பெயர்கள் இன்னும் தெரியவரவில்லை.

ஒன்பது வயதுக்கு இவ்வளவும் விளங்கும். இந்த விரல் வழுக்கினால் அடுத்த வசனம் பின்னுக்குக் கேட்கும், கேட்டால் சின்னம்மா செத்துப்போவார் என்றுதான் நினைத்தேன். ஒரு விரல் நொந்தபோது மற்ற விரலையும் அதன்மேல் வைத்து அழுத்தினேன். மாமா கிடங்குகளை விலத்தி ஓட்டப் பார்த்தார். விலத்த அந்த றோட்டில் இடமில்லை.

புத்தூர் தாண்டியபோது சின்னம்மா என் சீற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் தோளுக்கு மேலால் முன்னுக்கு எழும்பினார். அவருடைய மூச்சு என் கழுத்தில் சுட்டது. ஏதோ கேட்கப்போகிறார் என்று பயந்து நான் திரும்பியே பார்க்கவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை சீற்றை விட்டுப் பின்னுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு சின்னம்மாவிடமிருந்து முனகல்கூட வரவில்லை. அம்மா பயந்துவிட்டார். "கத்தடி, நோவை அடக்காதை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீர்வேலி, கோப்பாய், நல்லூர், எல்லாம் போயிற்று. செய்தி முடிந்து பாட்டுப் போனபோதும் நான் விரலை எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் ஆண்பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் தப்பிவிட்டன என்று மாமா ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் மத்தியானம் சித்தப்பா வந்தார். எதற்கும் பிந்துகிற மனிதர் அன்றும் பிந்தி, பஸ்ஸைத் தவறவிட்டு, யார் யாருடையவோ லொறிகளில் ஏறி இறங்கி, புழுதியோடு வார்ட் வாசலில் நின்றார். சின்னம்மா அவரைப் பார்த்தார். கையிலிருந்த பிள்ளையை அம்மாவிடம் கொடுத்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி குழறி அழுதார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உயிர் போகிற நோவுக்கு அழாதவர், புருஷன் சுகமாக வந்து நிற்கும்போது அழுகிறாரே! அதைவிட, என் வீரத்தை இன்னும் யாரும் சித்தப்பாவுக்குச் சொல்லவில்லை என்ற கவலை வேறு. நானே போய்ச் சொன்னேன். "நான்தான் சுவிச்சை விடாமல் பிடிச்சுக்கொண்டு வந்தனான். சின்னம்மாவுக்குக் கடைசிவரைக்கும் ஒண்டும் தெரியாது."

சின்னம்மா அழுகையை நிறுத்தி, என் கையை இழுத்து, சிவந்து கிடந்த விரலைத் தடவிவிட்டார்.

"ஓம் பிள்ளை," என்றார். "எனக்கு ஒண்டும் தெரியாது."

நான் பெருமையில் பூரித்துப்போய் நின்றேன். அந்தச் சுவிச்சுக்குப் பெயர் வைத்ததே அவர்தான் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.