பாதிப் பாட்டுக்குப் பெண் கேட்ட கதை

கிட்டார்க்காரனுக்கு வரன் அமைவது கஷ்டம். அதிலும் பாதிப் பாட்டு வாசிக்கிற கிட்டார்க்காரன் என்றால் கேட்கவே வேண்டாம். வாத்தியத்தைக் கையில் எடுத்து அக்கம்பக்கத்தாரின் சாபத்தைச் சம்பாதித்த என் சக பாவிகளே, எண்பதுகளில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மறதி நோய்

நானும் என் கூட்டாளி சேகரும் ஒரு மெட்டுப் போட்டிருந்தோம். ஒரு சுரத்தை நான் மீட்டுவேன், அடுத்ததை அவன் மீட்டுவான். நான் விடுகிற இடைவெளியில் அவன், அவன் விடுகிற இடைவெளியில் நான். தாளமும் லேசுப்பட்டதல்ல; ஒரு சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை, மறு சுற்றுக்கு ஐந்து. இரண்டு கிட்டாரும் சேர்ந்தால் தேர் போல ஓடும். ஒன்று மட்டும் என்றால் நொண்டும்.

சேகருக்குத் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அதனால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் பெரும்பாலும் நான் தனியாகத்தான் பயிற்சி செய்வேன். எதிர் வீடு முருகேசு அங்கிளுடையது. நான் வாசிக்கும்போதெல்லாம் ஜன்னலில் நிற்கும் அவர் மகள் மாலதியைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை, அவளுக்கும் சம்மதம். அங்கிள் தலையசைக்க வேண்டியதுதான் பாக்கி. என் அம்மா கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவர் சொன்னது: "பையன் டங்குன்னு ஒண்ணு தட்டுறான், அப்புறம் அடுத்தது என்னான்னு யோசிக்கிறான். மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க லா."

மூன்றரைக் கால்

கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. கைவசமிருந்த சினிமாப் பாட்டெல்லாம் தீர்ந்ததும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று எங்கள் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டோம். மலாய் ஜோகெட் நடனம் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அதுதான் வினை. ஏழாவது எண்ணிக்கையில் எந்தக் காலை வைப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் இடித்துக்கொண்டார்கள். லோரி முதலாளி ஒருவர் தன் மனைவியின் புதுச் செருப்பை மிதித்து அறுத்தேவிட்டார். அறுந்த செருப்போடு மேடைக்கு வந்தார். "பாஸ், எனக்கு ரெண்டு காலுதான். மூணரை காலு உள்ளவனுக்கு வாசிக்கிறத இங்க வாசிக்காதீங்க லா."

லூஸ் கனெக்‌ஷன்

கேரி தீவில் தோட்டத்துக் கோயில் திருவிழா. அங்கே தன் தங்கை வீடு இருந்ததால் முருகேசு அங்கிளும் குடும்பத்தோடு வந்திருந்தார். இரண்டு கிட்டாரையும் சேர்த்துக் கேட்டால் மனிதர் மனம் மாறும் என்று முருகனை வேண்டிக்கொண்டு ஆரம்பித்தோம். முதல் சுற்று பிரமாதம். இரண்டாவது சுற்றில் சேகரின் சத்தத்தைக் காணோம். அவன் விரல் ஓடுகிறது. ஒலிபெருக்கியில் என் பாதி மட்டும் டங்... டங்... என்று நொண்டுகிறது. முன்வரிசையிலிருந்த அங்கிள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். சவுண்ட் சிஸ்டம்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "அண்ணே, சவுண்ட் விட்டு விட்டு வந்துச்சு. ஒயரு லூசுன்னு ஒண்ண கழட்டிட்டேன், இனிமே பயமில்ல."

முப்பது வருஷப் பயிற்சி

சேகருக்கு லீவு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒயரே தேவைப்படாத இரண்டு கிட்டார்களோடு அங்கிள் வீட்டுக்கே போய்விட்டோம். இதுவும் சொதப்பினால் மாலதிக்குச் செராஸில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைதான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் தடுக்காமல் கடைசிவரை வாசித்து முடித்தோம். அங்கிள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சமையலறையிலிருந்து ஆன்டி எட்டிப் பார்த்து, "அவங்களுக்கு டீ..." என்றார்.

"...சீனி கொஞ்சமா போடு" என்று அங்கிள் முடித்தார்.

"பிஸ்கட்டு..."

"...டின்னுல இருக்கு."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நானும் இவளும் முப்பது வருஷமா இப்படித்தான்யா பேசுறோம். இதுக்குப் போயி கிட்டாரா வாங்குனீங்க?"

ஏழும் ஐந்தும்

தை மாதம் கல்யாணம். வரவேற்பு விருந்தில் மாப்பிள்ளை எழுந்து போய் வாசிக்க முடியுமா? மேடை ஓரத்தில் சேகர் தன் பாதியை மட்டும் வாசித்தான். விருந்தாளிகள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். முருகேசு அங்கிள் மேசை மேசையாகப் போய், மீதிப் பாதி மாலையோடு உட்கார்ந்திருப்பதாக விளக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? பட்டுவேட்டி முழங்காலில் என் பாதியைத் தட்டிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு ஜன்னலில் இத்தனை காலம் மாலதி சும்மா நின்றிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "ஏழு முடிஞ்சு அஞ்சு வந்திருச்சு. நீங்க இன்னும் ஏழுலயே நிக்கிறீங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாளம் அவளுடையது. அவள் விடுகிற இடைவெளியில், அப்படி ஒன்று கிடைக்கிறபோது, நான் வாசித்துக்கொள்கிறேன்.