ஏறாமல் அளந்த பனை

நாகர்கோவில் காலேஜில் இண்டர்மீடியட் கணிதத்தில் சேர்ந்த புதிதில், ஏறாமலே பனையின் உயரத்தைச் சொல்லிவிடுவேன் என்று அப்பாவிடம் சவால் விட்டேன். அவர் பனையேறி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான்.

“ஓரடி பெசகினாலும் காலேஜ விட்டுட்டு என்கூட ஏற வரணும். சம்மதமா மக்கா?” என்றார்.

கோணமானியில் நூலும் கல்லும் கட்டிக் கண்ணருகே பிடித்து, உச்சி சரியாக நாற்பத்தைந்து பாகையில் தெரியும்வரை பின்னால் நடந்தேன். அங்கிருந்து பனையின் அடிவரை உள்ள தூரம்தான் அதன் உயரம். அளந்தேன். ஐம்பத்திரண்டடி!

அப்பா ஏறி, உச்சியிலிருந்து கயிறு விட்டார். அதை அளந்தால் ஐம்பத்தேழு.

“படிச்சவன் அளந்தா பனையும் குட்டையாயிருமாலே!” என்று அண்ணன் கைகொட்டிச் சிரித்தான். கோணமானியை மறுபடியும் கண்ணருகே கொண்டுபோனேன். சட்டென்று விளங்கியது. நான் பார்த்தது தரையிலிருந்து அல்லவே!

“அப்பா, தரையிலேருந்து என் கண்ணுவரைக்கும் அளந்து பாருங்க!” என்று கத்தினேன்.

இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தார். சரியாக ஐந்தடி.

“கணக்கு பெசகல்ல. ஒன்னைத்தாம்லே கூட்டாம விட்டுட்ட!” என்று சிரித்தவர், அடுத்த பனையைக் காட்டினார். “அதையும் அளந்து சொல்லிட்டு காலேஜுக்கு ஓடு.”