கூடலூர் போகும்போது மட்டும் அழுத கார்

உத்தமபாளையம் தாண்டி ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. ஆனி மாசக் காற்றில் அதன் கூரைத் தகரம் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து நெல் வயலில் விழுந்தது. படம் நிற்கவில்லை. ஜனமும் எழுந்திருக்கவில்லை. தலைக்கு மேல் வானம் தெரிய உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அந்த வருசம்தான் நான் சொல்லப்போவது நடந்தது. எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருசம் இருக்கும். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார்கள்.

அப்போது நான் தேனியில் ஒரு வாழைக்காய் மண்டி முதலாளியிடம் டிரைவர். அவரிடம் ஒரு கறுப்பு கார் இருந்தது. எங்கள் பக்கம் பிளசர் என்போம். வாடகைக்கு ஓடியது. கல்யாணம், காதுகுத்து என்றால் முதலில் அந்தக் காரைத்தான் கேட்டு வருவார்கள். கண்ணாடியில் முகம் பார்க்கலாம், அப்படித் துடைத்து வைத்திருப்பேன்.

சித்திரை மாசம் ஒரு நாள் காலையில், கார் நிற்கிற இடத்துக்கு ஒரு அம்மா ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் மகள் செத்துப் போயிருந்தாள். சொந்த ஊரான கூடலூருக்குக் கொண்டு போகவேண்டும். அங்கே நின்ற டிரைவர்கள் ஒருத்தரும் அசையவில்லை. பிணம் ஏற்றின வண்டியைக் கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள், அதுதான் காரணம். ஆளுக்கொரு சாக்கு சொன்னார்கள். ஒருத்தன் என் முன்னாலேயே பெட்ரோல் இல்லை என்றான். அவன் அப்போதுதான் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

நான் ஏற்றிக்கொண்டேன்.

பின் சீட்டில் மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் கூட்டிப்போகிற மாதிரி இருந்தது. வழியில் ஊர் வர வர மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். வீரபாண்டி வந்துருச்சுடி, சின்னமனூர் வந்துருச்சுடி, கம்பம் வந்துருச்சு, இன்னும் கொஞ்ச தூரந்தான் என்று. அழவே இல்லை. நான்தான் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

இப்படிச் செய்தேன் என்று முதலாளிக்கு எவனோ சொல்லிவிட்டான். அவர் என்னை ஏசின ஏச்சை டீச்சரம்மா எழுதமாட்டார்கள். காரை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். அதோடு விட்டாரா? குமுளிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தார். அந்த ஆள் ஒரு சாண் நீளத்தில் செப்புக் குழாய் ஒன்றை முன்பக்க பம்பரில் நிமிர்த்தி வைத்துக் கம்பியால் கட்டினான். அடிப்பக்கம் அடைத்திருந்தது, மேல் பக்கம் திறந்திருந்தது. வண்டியில் தங்கியிருக்கிற பேய் அந்த வாய் வழியாக உள்ளே போய் அடங்கிவிடுமாம். யாரும் கை வைக்கக்கூடாது, வைத்தால் வைத்தவன்மேல் ஏறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வைகாசியில் ஒன்றும் இல்லை. ஆனி பிறந்தது. எங்கள் பள்ளத்தாக்குக் காற்றைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்கிறேன். மலையாளத்தில், அதாவது கேரளாவில், மழை பிடித்தால் எங்களுக்குக் காற்று பிடிக்கும். மேற்கே கணவாயில் நுழைந்து, கூடலூர், கம்பம் என்று தேனி வரைக்கும் அடித்துக்கொண்டு இறங்கும். சைக்கிளில் கம்பம் பக்கம் போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவான். வருகிறவன் மிதிக்கவே வேண்டாம்.

அந்தக் காற்றில் கம்பம் தாண்டிப் போகிறேன், கார் அழுதது. விசில் மாதிரி இல்லை, இரைச்சல் மாதிரியும் இல்லை. பொம்பளை ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி ஊ என்று ஒரு சத்தம். வேகம் எடுத்தால் கூடும், குறைத்தால் அடங்கும். பின்னால் உட்கார்ந்திருந்த வெற்றிலை வியாபாரி பாதி வழியில் இறங்கி பஸ்ஸில் போய்விட்டார். திரும்பி வரும்போது சத்தமே இல்லை.

போதாதா? பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சாகிவிட்டது. செத்த பொண்ணு ஊருக்குப் போகும்போது மட்டும் அழுகிறாள் பார், பிறந்த ஊரை விட்டுப் போகமாட்டாள் என்றார்கள். கல்யாண வாடகை நின்றுபோனது. பழனிசெட்டிபட்டியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் வடக்கே பெரியகுளம் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஒன்றுமில்லை, உனக்குத்தான் காதில் கோளாறு என்றார். அந்த ரோட்டில் ஓட்டினால் எப்படிக் கேட்கும்? கூடலூர் ரோட்டுக்கு வாருங்கள் என்றால், வேலை கிடக்கிறது என்று நழுவிவிட்டார்.

முதலாளி கடைசியாகச் சொல்லிவிட்டார். "ஆவணி முகூர்த்தத்துக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லைனா சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு. பொணம் ஏத்துன டிரைவர்னு தெரிஞ்சா வேற எவனும் உன்னய வச்சுக்கிட மாட்டான், பாத்துக்க."

நானே தேட ஆரம்பித்தேன். கதவு ரப்பரை மாற்றினேன். கதவு ஓரத்துச் சின்னக் கண்ணாடி இடுக்கில் துணி திணித்தேன். மேல் கேரியரைக் கழற்றினேன், வைப்பரைக் கழற்றினேன், பானெட்டைக் கயிறு போட்டுக் கட்டினேன். தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டி, எதிரே வந்த பஸ் டிரைவரிடம் வசவு வாங்கினேன். சத்தம் நிற்கவில்லை.

கூடலூர் எல்லையில் அந்த அம்மா நிற்க ஆரம்பித்தது அப்போதுதான். என் கார் வருகிற நேரம் ரோட்டோரத்தில் நிற்பாள். முதல் நாள் நான் தெரிந்த ஆள் என்று நிறுத்தினேன். அவள் பானெட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"என் மக இதுக்குள்ள அழுகுறாளாமே தம்பி. எதுக்கு அழுகுறானு சொல்றாளா?"

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஊரில் அவளை என்ன பாடு படுத்தினார்கள் என்று அப்புறம் தெரிந்தது. காரியத்தை ஒழுங்காகச் செய்யவில்லை, அதுதான் மகள் அலைகிறாள் என்று அவள்மேலேயே பழி போட்டார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். இருந்த ஒரே ஆட்டையும் விற்று இரண்டாம் தடவை காரியம் செய்திருக்கிறாள் பாவி மகள். அப்புறமும் கார் அழுதது. மகளைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு சட்டி கஞ்சி ஊற்ற ஆளில்லை, குற்றம் சொல்ல மட்டும் ஊரே இருந்தது.

ஆடியில் முதலாளி மறுபடி மந்திரவாதியை வரவழைத்தார். ஒரு குழாய்க்கு அடங்கவில்லை என்று அந்த ஆள் பம்பரின் மறுபக்கம் இன்னொன்று கட்டினான். இது கொஞ்சம் குட்டை. மறுநாள் கூடலூருக்குப் போனேன். கம்பம் தாண்டினதும் கார் இரண்டு குரலில் அழுதது. ஒன்று பழைய குரல், இன்னொன்று அதைவிடக் கீச்சுக் குரல்.

என்கூட வந்த லோடுமேன், "அவ துணைக்கு ஆள் கூப்பிட்டுக்கிட்டாண்ணே" என்று சொல்லிவிட்டுச் சாமியைக் கும்பிட ஆரம்பித்துவிட்டான். எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நேற்று வரை ஒன்று, இன்றைக்கு இரண்டு. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் காரில் கூடினது என்ன?

ஓரம் கட்டி இறங்கினேன். முன்னால் போய் நின்றேன். எஞ்சினை அணைத்திருந்தேன், கார் நகரவில்லை. புளியமரத்தையெல்லாம் வளைத்துக்கொண்டு பெருங்காற்று ஒன்று வந்தது. நின்ற கார் அழுதது.

காரில் நான் கை வைக்காத இடம் அந்தக் குழாய்கள் மட்டும்தான். தொடாதே என்று சொன்னதால் நானும் தொடவில்லை, மெக்கானிக்கும் தொடவில்லை, துடைக்கும்போதுகூட ஒதுங்கியே துடைத்தோம். பெரிய குழாயின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பழைய குரல் நின்றது. அடுத்ததில் வைத்தேன். கீச்சுக் குரலும் நின்றது. விரலை எடுத்தேன், காற்றடிக்க மறுபடி அழுதது. எதிர்க்காற்று அந்த வாயில் அடித்தால் அழுகிறது, தேனிக்குத் திரும்பினால் காற்று பின்னால் போய்விடுகிறது, அழவில்லை. அவ்வளவுதான் விஷயம். பேயை அடக்கக் கட்டின குழாய்தான் பேய்.

இரண்டையும் பிடுங்கி எடுத்தேன். லோடுமேன் வேண்டாம்ணே வேண்டாம்ணே என்று தூர ஓடினான். கூடலூர் வரை சத்தமே இல்லாமல் போனோம்.

அந்த அம்மா வழக்கமான இடத்தில் நின்றாள். கார் வருகிற பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். சத்தம் இல்லாமல் வந்த காரைப் பார்த்ததும் அவள் முகம் கலங்கிவிட்டது. நான் இறங்கிப் பெரிய குழாயை எடுத்து, வாயில் வைத்துக் குறுக்கே ஊதினேன். அதே அழுகை வந்தது. அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தானும் ஊதினாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள், வந்தது. குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத வச்சா என் புள்ளைய அழுகுறானு சொன்னாக?"

"ஆமா ஆத்தா."

"அவ சாகுறப்பக்கூட அழுகல தம்பி. என் கையப் பிடிச்சுக்கிட்டு, நீ சாப்பிட்டியானுதான் கேட்டா."

குழாயை என்னிடம் திருப்பித் தரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். தண்ணிக் குழாயடிக்குப் போய் எல்லாப் பொம்பளைகளுக்கும் ஊதிக் காட்டப்போவதாகச் சொன்னாள். ஊதிக் காட்டியிருக்கிறாள். அப்புறம் அவள் குடத்தைக் கண்டு யாரும் நகரவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் ஆட்டை யாரும் திருப்பித் தரவில்லை.

குட்டைக் குழாயை முதலாளியிடம் கொண்டு போய், மண்டியில் எல்லார் முன்னாலும் ஊதிக் காட்டினேன். அவரும் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்: "பாத்தீகளா, ரெண்டாவது குழாய் கட்டவும் அடங்கிருச்சு. மந்திரவாதி கெட்டிக்காரரு." என் காதுபடவே சொன்னார். ஆவணியில் காருக்குக் கல்யாண வாடகை வந்தது, என் வேலையும் தப்பியது. பிறகு எவ்வளவோ வருசம் அந்தப் பக்கம் ஓட்டினேன். யாராவது பின்னால் உட்கார்ந்துகொண்டு, இந்த ரோட்டில் ஒரு பேய் கார் ஓடியதாமே என்று கேட்பார்கள். நான் வண்டியை நிறுத்தி முழுக்கதையும் சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். அவசரமாகப் போகிறவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

இப்போது எனக்குக் கண் மங்கிவிட்டது, ஓட்டுவதில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். கம்பம் தாண்டிப் போகும்போது யாராவது அந்தக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால், அந்தப் பெண் அழவில்லை, அவள் அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்று சொல்லுங்கள்.