அவள் சொன்ன விடை

பார்வையில்லாதவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கப் போகிற ஆசிரியர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கேள்வியை வாசிக்க வேண்டும், அவர்கள் சொல்கிற விடையின் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். சொந்தப் புத்தியை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். இருபது வருடமாகப் பிள்ளைகளின் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த மூன்றாவதுதான் எனக்கு வராது.

குரூப் தேர்வில் பாதிக் கேள்வி தமிழ் என்பதால் தமிழாசிரியரை அனுப்பமாட்டார்கள். தலைமையாசிரியர் என்னைக் கைகாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போச்சே என்ற எரிச்சலோடு பாளையம்பட்டியில் டவுன் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் தேர்வு நடக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய் இறங்கினேன்.

நான் எழுதிக் கொடுக்க வேண்டியவளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அண்ணன் கைபிடித்துக் கூட்டி வந்திருந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போயிற்றாம். வரலாறு பட்டப்படிப்பை முடித்திருந்தாள், அதுவும் முழுக்கக் கேட்டே. தேர்வு தொடங்க அரைமணி நேரம் இருந்தது. நான் கேட்காமலே அவள் நிலைமையைச் சொன்னாள். இரண்டு வருடமாக மழை இல்லை, போட்ட கொத்தமல்லி முளைக்கவே இல்லை. அண்ணன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போக முடிவு செய்துவிட்டார். அங்கே ஒற்றை அறையில் ஐந்து பேர். இந்த வேலை கிடைத்தால் அவள் தனியாக ஒரு வீடு பிடித்து இருந்துகொள்வாள். கிடைக்காவிட்டால் மதுரைப் பக்கம் ஒரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். மூன்றாம் தடவை எழுதுகிறாள், இனி எழுத வழியில்லை.

அப்புறம் எனக்கு வகுப்பு எடுத்தாள். போன தடவை வந்த சார் நாலு விடையையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டாராம்.

"நிறுத்தி வாசிங்க டீச்சர். கொரல மட்டும் ஏத்தி எறக்கிறாதீக. உவமைத்தொடர், மரபுத்தொடர் பட்டியல எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு வந்துருவாக. நாஞ் செயிக்கிறது பத்தியக் குடுத்துக் கேக்குற கேள்வியிலதான். அதக் கடைசியில வாசிங்க."

சரி சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவது அவளுக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

தமிழ்ப் பகுதியில் வெளுத்து வாங்கினாள். உள்ளங்கை நெல்லிக்கனிக்கு நான் இரண்டாவது விடையை வாசித்து முடிக்கும் முன்பே 'பி' என்றாள். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய உவமைகளை எல்லாம் யார் யாரிடமோ கேட்டுக் கேட்டு உள்ளே வாங்கி வைத்திருந்தாள். வாசித்துக்கொண்டே இருந்ததில் எனக்கு எரிச்சல் போய், அவள் என் மாணவி என்பது போல ஒரு பெருமை வந்துவிட்டது. அதுதான் வினை.

கணக்கு வந்தது. தனிவட்டிக் கணக்கு ஒன்றில் சறுக்கினாள். எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்ன தப்பையே கறுப்பாக்கினேன். வேலையும் நாளும் கணக்கிலும் அப்படியே. வாசலில் உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சின்னக் கனைப்புப் போதும், அவளுக்கு விளங்கியிருக்கும். நான் கனைக்கவில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பை என் கையாலேயே கெடுக்கிறேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசியில் பத்தி. அவளுக்குத் தந்த கூடுதல் நேரமும் முடியப்போகிறது. தொண்டை வறண்டு, சொற்கள் என் வாயிலிருந்து விழுந்துகொண்டிருந்தனவே தவிர மண்டையில் ஏறவில்லை. வறண்ட ஊர் ஒன்றில் ஒரு பெரியவர். வழிப்போக்கர் யார் வந்தாலும் கூழும் மோரும் கொடுத்து, உட்காரவைத்துப் பேசி அனுப்புவார். அதையே ஏழெட்டு வரி எழுதியிருந்தார்கள். பிறகு பஞ்சம் வந்தது, ஒரே மகன் பிழைப்புத் தேடிப் போனான். அன்று முதல் அவர் வீட்டுக் கதவு சாத்தப்படவே இல்லை. அந்தக் கடைசி வரி எதை உணர்த்துகிறது என்று கேள்வி. விருந்தோம்பல், வறுமை, காத்திருப்பு, அச்சமின்மை.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். முடித்ததும் சொன்னாள்.

"சி."

எனக்குப் பகீரென்றது. பத்தி முழுக்கக் கூழும் மோருமாக இருக்கிறது, இவள் காத்திருப்பு என்கிறாளே! நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று விதியை மீறிச் சொல்லியும் பார்த்தேன். அவள் முகம் என் பக்கம் திரும்பியது.

"சி தான் டீச்சர்."

கணக்கில் இரண்டை விட்டாயிற்று, இதையும் விட எனக்கு மனம் வரவில்லை. 'ஏ'யைக் கறுப்பாக்கினேன். எந்த வட்டமானாலும் பேனா ஒரே மாதிரிதான் உரசும்.

வெளியே அண்ணன் காத்திருந்தார். ரிசல்ட் வந்தால் சொல்ல வேண்டும் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார். அவள் என் கையைப் பிடித்து, இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது என்றாள். ஒரு புண்ணியம் செய்துவிட்ட நிறைவோடு வீட்டுக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அடுத்த வாரம் விடைக்குறிப்பு வெளியானது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு விடை 'சி'.

நம்பாமல் பத்தியைத் தேடி எடுத்து, முதல் தடவையாக எனக்காக வாசித்தேன். அன்று முதல். மகன் போன அன்று முதல். பெரியவர் வழிப்போக்கருக்காகக் கதவைத் திறந்து வைக்கவில்லை. இரண்டு தடவை உரக்க வாசித்த எனக்கு அது காதில் விழவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு விழுந்திருக்கிறது. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன்.

யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அவள் தேர்வையே செல்லாது என்று சொல்லிவிடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது என் வேலைக்குத்தான். ஒரு கேள்வியில் என்ன குறைந்துவிடப் போகிறது, அவள் எப்படியும் தாண்டிவிடுவாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய், அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டினேன். என் பிள்ளைக்குக்கூட அப்படி வேண்டியதில்லை. பாதி வேண்டுதலில், இது அவளுக்காகவா எனக்காகவா என்று தெரியாமல் கண்ணைத் திறந்துவிடுவேன்.

பல மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். ஒரே ஒரு கேள்வியில் போய்விட்டது என்றார். தங்கச்சி பேச வேண்டும் என்கிறது என்று போனைக் கொடுத்தார்.

அவள் நலம் விசாரித்தாள். அப்புறம், தேர்வாணையம் இணையத்தில் போட்டிருந்த அவளுடைய விடைத்தாளின் படத்தைத் திருச்சுழியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எடுத்து, பக்கத்து வீட்டுப் பையனை விட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததைச் சொன்னாள். இருநூறு கேள்விக்கும் தான் சொன்ன விடை அவளுக்கு மனப்பாடமாக இருந்திருக்கிறது.

"கதவு சாத்தாத பத்தி ஞாபகம் இருக்கா டீச்சர்? அதுக்கு நா 'சி'ன்னுதான சொன்னேன்?"

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"இல்லம்மா. 'ஏ'ன்னு சொன்னீங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்ப நாந்தான் வாய் தவறிச் சொல்லிருக்கேன்" என்றாள். "அண்ணனுக்கு ஒங்க மேல சந்தேகம். அப்படி இருக்காது, அந்த டீச்சர் ரெண்டு தடவ நிறுத்தி நிறுத்தி வாசிச்சாகன்னு நாந்தான் சண்ட போட்டேன்."

எப்போது கிளம்புகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். தை பிறந்ததும் அண்ணன் குடும்பம் திருப்பூர் போகிறது, அதற்கு முந்தின நாள் அவளை விடுதியில் விட்டுவிடுவார்கள் என்றாள். நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"மனசுல வச்சுக்கிறாதீக டீச்சர். ஒங்க மேல தப்பில்ல" என்றாள்.

நான் சரிம்மா என்றேன்.