மங்களத்தின் புது அடுப்படி

சரளாவுக்குக் கைராசி என்று புந்தோங்கில் அந்த வரிசை வீடுகளில் ஒரு பேச்சு. குழந்தை விடாமல் அழுதாலும் வாங்கிய மறுவாரமே மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும் கண் கழிக்கச் செவ்வாய்க்கிழமை அவளைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக் கேண்டீனில் நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலம் கட்டிவிட்டு வந்த கையோடு உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போடுவாள். நெடி ஏறினால் கண் இல்லை. நெடியே வராவிட்டால் எவளோ கண் வைத்திருக்கிறாள்.

ஒரு மாதமாக அவளுக்கே சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மங்களம் அடுப்படியை இடித்துக் கட்டியிருந்தாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனின் உபயம். இருவரும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள். இப்போது மங்களம் திருகினால் சுடுதண்ணீர் வருகிறது. சரளா வீட்டுத் தொட்டிக்கடியில் ஒழுகலுக்கு வாளி. பொறாமை என்று தன்னிடம்கூட அவள் சொல்லிக்கொள்ளவில்லை. வயிற்றில் காற்று என்று மாத்திரை போட்டாள்.

படுத்தது என்னவோ மங்களம். தலைசுற்றல், வாய்க்கசப்பு. கிளினிக்கில் ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள்.

"கண்ணுதான்லா. நீயே வந்து சுத்திப் போடு" என்றாள் மங்களம்.

சரளாவுக்குப் பகீரென்றது. நெடி வராவிட்டால் மங்களம் தன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். பிறகு அந்த வாசலை மிதிக்க முடியுமா? கைக்குள் ஒரு பிடி மிளகாய்த்தூளையும் ஒளித்துக்கொண்டு போனாள்.

மூன்று சுற்று சுற்றிப் பின்வாசல் தணலில் கொட்டினாள். சந்தே இருமியது.

"என்னம்மா, ஆளக் கொல்லப் பாக்குறீங்களா?" பின்வீட்டு ராமையா படாரென்று சன்னலைச் சாத்தினார்.

"பாத்தியாக்கா, கண்ணே இல்ல" என்றாள் சரளா, கண்ணில் நீர் வடிய.

மங்களத்தின் முகம் தொங்கிப்போனது. "ஒரு கண்ணுகூடவா இல்ல? இத்தன பேரு வந்து பாத்தாங்களே. ஒருத்திக்கும் ஒண்ணும் தோணலையா?" நாற்காலியில் அப்படியே சரிந்தாள்.

சரளாவுக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குத் தோணுச்சு."

"என்னது?"

"வயிறு எரியுதுக்கா. அந்தச் சுடுதண்ணிக் குழாயப் பாத்ததுலேருந்து. நெடி வரணும்னு தூளு போட்டேன்."

மங்களம் அவளை உற்றுப் பார்த்தாள். "ரொம்ப எரியுதா?"

"ரொம்பலா."

மங்களம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் தெளிந்துவிட்டது. "கள்ளி! போ, புது மிளகா எடுத்துட்டு வா. தூளு இல்லாம ஒழுங்கா சுத்து. அப்புறம் சாப்பிடலாம், எனக்குப் பசிக்குது."

"எனக்குந்தான்" என்றாள் சரளா.