பால் வண்டிக்குத் திறந்த கேட்

"பால் வண்டி மேல போயிட்டாய்யா?"

பங்குனி பிறந்துவிட்டால் விடிந்ததும் முத்துசெல்வி போனில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஒரு கையில் போன், மறு கையில் பல்தேய்க்கிற பிரஷ். எதிர்முனையில் ஏதோ ஒரு மலையடிவாரத்து டீக்கடைக்காரர். அவளிடம் இப்படி ஒன்பது நம்பர்கள் இருக்கின்றன. ஒன்பது பேருமே புதூர், குளத்தூர்ப் பக்கம் மழை பொய்த்த வருசங்களில் பிழைப்புத் தேடிக் கிளம்பிப் போனவர்கள். எந்த மலைக்குப் போகிற ரோட்டிலும் கடைசி டீக்கடை நம்மூர்க்காரன் கடையாகத்தான் இருக்கும் என்பாள்.

ரோடு திறந்திருக்கிறதா என்று நேராகக் கேட்டால் என்ன என்று யாராவது கேட்டால் போச்சு, அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். கேட்காமலா இருந்தாள்? வனத்துறை ஆபீஸுக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் கிடையாது. தப்பித் தவறி எடுத்தால் நெட்டில் பாருங்கள் என்பார்கள். நெட்டில் பார்த்தால் போன வருசத்து அறிவிப்பு சிரித்துக்கொண்டு கிடக்கும். டீக்கடைக்காரரிடம் கேட்டாலோ, வியாபாரம் நடக்கணுமே, "வாங்கக்கா, தாராளமா வாங்க" என்றுதான் சொல்லுவார். இரண்டு தடவை அப்படி நம்பிப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். அதற்கப்புறம் கண்டுபிடித்ததுதான் இந்தப் பால் கணக்கு. மேலே குடிக்க ஆள் இல்லாமல் பால் போகாது, ஆள் போகிற ரோடு பூட்டியிருக்காது.

முத்துசெல்விக்கு நாற்பத்தாறு வயது. கோவில்பட்டியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருக்கிற இசக்கியப்பன் ஸ்டூடியோவை நடத்துகிறாள். இசக்கியப்பன் அவள் மாமனார். அவர் போய்ப் பதினெட்டு வருசமாகிறது, போர்டில் மட்டும் இன்னும் இருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு எதுவானாலும் படம் எடுப்பது அவள்தான். பொம்பளைப் பிள்ளைக்குச் சடங்கு என்றால் பொம்பளையே வந்து எடுக்கட்டும் என்று விளாத்திகுளம் வரைக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேலே புருசனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுவாள். அதன் பையில் மெமரி கார்டும் சீரகமிட்டாயும் சேர்ந்தே கிடக்கும். மேடையில் விறைத்து நிற்கிற பெரிய மனுசர்களைப் பார்த்து, "மாமா, மூச்ச விடுங்க, யாரும் புடுங்கிற மாட்டாவ" என்பாள். மண்டபமே சிரிக்கும், அந்தச் சிரிப்பில் ஒன்றை அமுக்கிவிடுவாள்.

இருபத்திரண்டு வருசமாக இப்படி மனுச மூஞ்சியாகவே எடுத்து எடுத்து அலுத்துப்போனவள், தனக்கென்று எடுக்கும்போது ஆளே இல்லாத மலை ரோட்டைத்தான் எடுக்கிறாள். கொண்டை ஊசி வளைவு, பாறையைக் குடைந்த ரோடு, மழை நனைத்த தார். கண்ணுக்கு எட்டின மட்டும் கரிசலும் சீமைக்கருவேலமுமாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிற ரோட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு வளைகிற ரோட்டின் மேல் அப்படி ஒரு பித்து.

ஆனால் எப்போது போவது? கல்யாணக் காலத்தில் ஒரு நாள் ஒழியாது. முகூர்த்தம் குறைந்த மாதங்கள்தான் அவளுக்கு லீவு. ஆடியில் போனால் மண்சரிவு என்று பூட்டு. புரட்டாசியில் மழை. மார்கழியில் பனிமூட்டம், முன்னால் போகிற வண்டியே தெரியாது. பங்குனியில் போகலாம் என்றால் காட்டுத்தீ என்று ஆளுக்கொரு தேதியில் பூட்டுகிறார்கள். ஸ்டூடியோ உள்சுவரில், பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில், ஒன்பது மலைகளுக்கும் கட்டம் போட்டு, பூட்டுகிற நாளையும் திறக்கிற நாளையும் எழுதி வைத்திருக்கிறாள். மேலே தலைப்பு, "ரோட்டுக்கு ராகுகாலம்." இந்த ஜென்மத்தில் போகவே வாய்ப்பில்லாத வடக்கத்திப் பனி ரோடு ஒன்றுக்குக்கூட அதில் இடம் உண்டு. அது வைகாசியில்தான் திறக்குமாம். அதன் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பனிக்கு ஆள் பார்த்து ஒதுங்கத் தெரியாது, எல்லாருக்கும் ஒன்றுபோலப் பூட்டும் என்பாள்.

இந்த வருசம் அந்தக் கட்டங்களைச் சும்மா ஆசைக்காக அவள் பார்க்கவில்லை. சிவகாசியில் காலண்டர் போடுகிற காளிராஜ் அண்ணாச்சி, அவள் எடுத்த மலை ரோடுகளைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு படம் கொடுத்தால் பன்னிரண்டு தாள் காலண்டராகப் போடுகிறேன் என்றிருந்தார். ஒவ்வொரு தாளின் கீழும் 'படம்: முத்துசெல்வி, கோவில்பட்டி' என்று வரும். ஒரே நிபந்தனை, பன்னிரண்டும் அவள் எடுத்ததாக இருக்கவேண்டும். ஒன்று குறைந்து வெளிப்படம் சேர்த்தால் எந்தத் தாளிலும் பேர் போட முடியாது. இருபத்திரண்டு வருசத்தில் அவள் எடுத்த ஆல்பங்கள் எத்தனை ஆயிரம் வீட்டுப் பீரோக்களில் இருக்கின்றன! எல்லாவற்றின் கடைசிப் பக்கத்திலும் இசக்கியப்பன் பேர்தான். அவள் பேர் அச்சில் வந்தது ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்டிலும்தான். அதிலும் ஒன்றில் தப்பாக வந்தது.

பதினொரு படம் கையில் இருந்தது. பாக்கி ஏப்ரல் மாதத் தாள். அதற்கு அவள் மனசில் வைத்திருந்தது மஞ்சக்கல் மலை. அங்கே முதல் வளைவில் ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்கிற மரங்கள் பங்குனியில் இலையே தெரியாமல் ஊதாவாகப் பூத்து, தார் ரோட்டை மூடுகிற அளவுக்குக் கொட்டும். பத்துப் பதினைந்து நாள்தான். சித்திரை மழை ஒன்று விழுந்தால் முடிந்தது கதை. அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கிற புதூர் இசக்கிமுருகனுக்கு மூன்று நாள் தொடர்ந்து போன் போட்டாள். முதல் நாள் நாலு கேன் பால் மேலே போனது. மறுநாள் ஆறு. மூன்றாம் நாள் ஒன்பது. ஒன்பது கேனா! புருசன் அய்யாத்துரையைக் குளிக்கக்கூட விடவில்லை. ஆம்னி வேனை எடுக்கச் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது ரோட்டுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பி, நடுவில் பூட்டு. காட்டுத்தீ காலம், வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்றார் காவலாளி. பூத்து நிற்கிற மரங்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகின்றன. எட்டிப் போனால் முந்நூறு அடி. போதாக்குறைக்கு அவர் வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்து, சீட்டுக்கு அடியிலிருந்து நாலு காலித் தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். அய்யாத்துரை மற்ற நாளில் தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிறவர். கோவில்பட்டி வண்டியில் தீப்பெட்டி கிடக்காமல் வேறு என்ன கிடக்கும்? பெரிய கள்ளனைப் பிடித்த மாதிரி அந்த மனுசன் நின்ற நிற்பு முத்துசெல்விக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டாள். தீப்பெட்டி ஊர்க்காரிக்குத் தீயைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. காடு எரியக்கூடாது, பூட்டவேண்டியதுதான் என்று புருசனிடம் அவளே சொன்னாள். வேனைத் திருப்பப் போகிற நேரத்தில் பின்னாலிருந்து பெரிய வெள்ளைக் கார் ஒன்று வந்தது. கண்ணாடி இறங்கியது. ஒரு போன் வெளியே நீண்டது. காவலாளி பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்து கம்பியைத் தூக்கினார். அது போய் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இன்னொரு கார். அதன் பின்னாலேயே மத்தியானப் பால் வண்டி. முத்துசெல்வி பால்காரரை மறித்து யாருக்குப் பால் என்று கேட்டாள். மேலே ரிசார்ட்டுக்கு, ரூம் எல்லாம் நிறைந்துவிட்டது, ரூம் போட்ட ஸ்லிப்பைப் போனில் காட்டினால் கம்பியைத் தூக்குவார்கள் என்றார்.

இசக்கிமுருகன் கடைக்கே போய் நியாயம் கேட்டாள். அவர் பாவம், டீயை ஆற்றிக்கொண்டே, "நீங்க பாலத்தானக்கா கேட்டீங்க" என்றார்.

திரும்ப கேட்டுக்கு வந்தவள் அப்போதுதான் அதைப் பார்த்தாள். கம்பிக்கு இடது பக்கம் அறிவிப்புப் பலகை, 'காட்டில் தீ மூட்டுவது குற்றம்.' வலது பக்கம் ரிசார்ட் பலகை, இருந்த வசதிகளையெல்லாம் வரிசையாகப் போட்டு, கடைசி வரியில் 'தினமும் கேம்ப் ஃபயர் உண்டு.' இரண்டு பலகைக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. எவன் கண்ணிலும் படவில்லையா? படம் எடுக்க வந்த ஒரு பொம்பளையிடம் காலித் தீப்பெட்டி இருந்தால் காடு பற்றிக்கொள்ளும், காசு கட்டி ரூம் போட்டவன் விறகை அடுக்கிக் கொளுத்தினால் பற்றாது, அப்படித்தானே?

"தம்பி, தீ வந்தா ரூம் ஸ்லிப்பக் காட்டுன்னு கேக்குமா?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். காவலாளி தரையைப் பார்த்தார். "எனக்கும் தெரியுதுக்கா. வாயத் தொறந்தா நாளைக்கு இந்த வேலையில நான் இருக்க மாட்டேன்" என்றார். அதற்குமேல் அவரிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று விட்டுவிட்டாள். கோபம் அவர் மேல் இல்லை. அவரை அங்கே நிறுத்திவிட்டு எங்கேயோ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மேல்.

போகவும் இல்லை. வேனிலிருந்து ஸ்டூலை இறக்கிப் போட்டு, கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். பத்தொன்பது கார் மேலே போனது. நாலரை மணிக்கு வெயில் சாய்ந்து மரங்களின் மேல் விழுந்தது, ஊதா அப்படியே பற்றிக்கொண்டு எரிகிற மாதிரி நின்றது. ஸ்டாண்டை விரித்து கேமராவை மாட்டினாள். கேட்டைப் படம் எடுக்கக்கூடாது என்றார் காவலாளி.

"நான் ரோட்டத்தான் எடுக்கேன். கேட்டு நடுவுல வந்து நிக்கி, நான் என்ன செய்ய?"

படத்தை அனுப்பிய மறுநாள் காளிராஜ் அண்ணாச்சி போன் போட்டார். பதினொன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது இந்தப் படம், இப்படி ஒரு ஊதாவைத் தன் அச்சுக்கூடம் பார்த்ததில்லை என்று ஏற்றி ஏற்றிப் பேசினார். பிறகு மெல்ல விசயத்துக்கு வந்தார். அந்தக் கம்பியையும் ரெண்டு போர்டையும் மட்டும் எடுத்துவிட வேண்டும்.

"ஏப்ரல் தாளும்மா. சித்திரை ஒண்ணு அதுலதான் வருது. வருசப் பொறப்பும் அதுவுமா பூட்டுன கேட்ட எவன் வீட்டுல மாட்டுவான்?"

"பூட்டுனவிய கிட்டப் போய் இதச் சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் கோபப்படவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குள் அழித்து அனுப்பினால் அவள் பேர், இல்லையென்றால் அந்தத் தாளுக்கு கம்ப்யூட்டரே போட்டுக் கொடுக்கிற மலை ஒன்று இருக்கிறது, எந்தத் தாளிலும் பேர் இல்லாமல் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அழிப்பது அவளுக்குப் பெரிய வேலையா? ஆல்பத்திலிருந்து சண்டை போட்டுக்கொண்டு போன கொழுந்தனைத் தூக்கியிருக்கிறாள். மாப்பிள்ளையின் வழுக்கையை மூடியிருக்கிறாள். செத்துப்போன அம்மாவை மணமேடையில் மகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். ஒரு கம்பி, இரண்டு பலகை, கால்மணி நேரம் ஆகாது. அய்யாத்துரை லோடு இறக்கிவிட்டு வந்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் அந்தப் பேரைச் சுவரில் பார்க்கவேண்டும் என்று ஆசை. சிவகாசியில் தெரிந்த லோடுமேன்களிடமெல்லாம் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்.

"ஏட்டி, ஒரு கம்பிதான. அழிச்சிட்டா ஒம் பேரு வந்துரும்லா."

அவள் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். மணி ஐந்தரை. முதலில் கம்பியில் மங்கிக் கிடந்த சிவப்பை ஏற்றினாள். பிறகு இடது பலகையில் நிழல் விழுந்து மறைந்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் துலக்கினாள். வலது பலகையின் கடைசி வரிக்கு மட்டும் இருபது நிமிடம் ஆயிற்று. எழுந்து எதிர்ச்சுவர் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போய் நின்றாள். ஒரு வீட்டில் காலண்டரை எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்களோ அவ்வளவு தூரம்.

"என்ன போட்டிருக்கு, வாசிங்க" என்றாள், புருசனையும் அங்கே கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு.

அவர் வாசித்தார். இரண்டு பலகையையும், திக்காமல், கடைசி வரி வரைக்கும்.

முத்துசெல்வி வந்து உட்கார்ந்து, படத்தைச் சிவகாசிக்கு அனுப்பினாள்.