பொற்றையின் கருகிய மூலை

எனக்கு முன்கோபம் உண்டு. இதை நான் எழுதித்தான் ஊருக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியத்தைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நம்பி, இன்றைக்கும் சிலர் வருஷம் தவறாமல் செய்து வருகிறார்கள். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி என் மனைவி. அவள் வாயைத் திறக்க மாட்டாள். ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எங்கள் வீடு. மகாராஜா காலத்துக் கச்சேரியில் எனக்குக் குமஸ்தா உத்தியோகம். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு பொற்றை இருந்தது. மலை என்று நினைத்துவிட வேண்டாம். ஏறினால் மூச்சு வாங்காது, அவ்வளவு உயரம். பூராவும் செம்பாறை மண். எங்கள் பக்கத்தில் மழைக்குக் குறைவே கிடையாது. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதியிலும், ஐப்பசியாகிய துலாமாசத்திலும் கொட்டித் தீர்க்கும். ஆனால் பொற்றைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. விழுந்த தண்ணீர் விழுந்த கையோடு சிவப்பாக இறங்கி ஓடைக்குப் போய்விடும். தை பிறந்தால் புல் காய்ந்துவிடும். மாசிக்குள் அடிவாரத்து ஊற்றுக்குழியும் வறண்டுவிடும். இவ்வளவு மழை பெய்கிற ஊரில் எங்களுக்கென்று ஒரு துண்டு வறட்சி வைத்திருந்தோம்.

என் மனைவி செங்கல் என்ற பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது கூடவே ஒரு கன்றுக்குட்டியும் வந்தது. வளர்ந்து பசுவாயிற்று. புல்லும் தண்ணீரும் தீர்ந்துபோகிற பங்குனியில், அவளுடைய அண்ணன் கையில் ஒரு கயிற்றோடு வந்து பசுவை ஓட்டிக்கொண்டு போவார். இரண்டு நல்ல மழை பெய்தபிறகு திரும்பக் கொண்டுவந்து விடுவார். நல்ல மனுஷர். ஆனால் நாக்கு சும்மா இருக்காது.

"மக்கா, உனக்க மாப்பிளைக்கு சர்க்கார் உத்தியோகம் உண்டு. ஒரு பசுவுக்குப் புல்லு இல்லியாக்கும்" என்பார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

அவர் போனபிறகு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேச மாட்டாள். சொன்னது அண்ணன், தண்டனை எனக்கு.

மாசி மாசம் பொற்றைக்குத் தீ வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் தகப்பனார் வைத்தார், நானும் வைத்தேன். காய்ந்த புல் எரிந்து சாம்பலானால், முதல் கோடை மழையில் விரல் நகம் அளவுக்குப் பச்சை எட்டிப் பார்க்கும். அதைப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். புகை எழும்பும்போது, வாழ்நாளில் மண்வெட்டி பிடிக்காத எனக்கு ஏதோ பெரிய விவசாயம் செய்துவிட்ட பெருமையும் வரும்.

நான் சொல்லவந்த வருஷமும் தீ வைத்தேன். பசுவும் செங்கலுக்குப் போயிற்று. இரண்டு நாள் மௌனமும் முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் அவள் வந்து, "இஞ்ச பாருங்க, ஒரு குடம் வெள்ளம் எடுத்துட்டு பொத்தைக்கு வாருங்க" என்றாள்.

கருகிக் கிடந்த இடத்தில் குடத்தைச் சரித்தாள். நேரம் அளக்க என்னைப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். ஓர் பதினாறு பதினாறு, ஈர்பதினாறு முப்பத்திரண்டு என்று தொடங்குவதற்குள் தண்ணீர் சிவப்பாக வழிந்து என் காலை நனைத்துவிட்டது. அவள் விரலால் மண்ணைக் கீறிக் காட்டினாள். நகத்தளவுகூட நனையவில்லை, மேலே ஓடு கட்டியிருந்தது. அடுத்து, பசுவைக் கட்டிப்போடும் கொல்லமா என்கிற முந்திரி மரத்தடிக்குப் போனோம். அங்கே தீ எட்டியதில்லை. சருகும் சாணியும் மக்கி மண் கறுத்துக் கிடந்தது. மீதித் தண்ணீரை ஊற்றினாள். நான் வாய்ப்பாட்டில் பாதி தாண்டுவதற்குள் அது இருந்த சுவடு தெரியாமல் மண்ணுக்குள் போய்விட்டது.

"பொத்தைக்குத் தாகம் உண்டு. நாமதான் அதுக்க வாய அடைச்சு வச்சிருக்கோம்" என்றாள்.

பிறகு நிபந்தனைகளை அடுக்கினாள். இனி தீ வைக்கக் கூடாது. பசு வந்ததும் அவிழ்த்துவிடக் கூடாது. தினம் ஓர் இடத்தில் முளையடித்துக் கட்டவேண்டும். தின்ற இடத்தில் புல் மறுபடி வளரும்வரை பசு அங்கே கால் வைக்கக் கூடாது.

"ஒரே ஒரு வருஷம். அதுக்குப் பெறவும் அண்ணன் கயிறோட வந்து பசுவக் கொண்டுபோனா, நீங்க விருப்பம்போல தீ வச்சுக்கிடுங்க. நான் மிண்ட மாட்டேன்."

அவள் பேசாமல் இருப்பாள் என்ற வாக்குறுதி எனக்கு ஒன்றும் புதிதாகத் தோன்றவில்லை. ஆனாலும் சம்மதித்தேன்.

சம்மதித்தவன் சும்மா இருந்தேனா? கச்சேரிப் புத்தி விடவில்லை. பொற்றையைக் கட்டம் கட்டமாகக் காகிதத்தில் வரைந்து, எந்தக் கட்டத்தில் எந்தத் தேதியில் பசு மேயும் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். இடவப்பாதி மழையில் புல் துள்ளி வளர்ந்ததால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மழை இடைவிட்ட ஆவணியில் ஒருநாள் பசு விடாமல் கத்திக்கொண்டு நின்றது. போய்ப் பார்த்தால் அதன் காலடியில் மொட்டைத் தரை. காகிதத்தின்படி அது முதல் கட்டம், முறை வந்துவிட்டது. புல்தான் இன்னும் வந்திருக்கவில்லை.

"பசு என்ன, உங்க கச்சேரி சிப்பந்தியா? புல்லப் பாத்துக் கெட்டணும். தேதியப் பாத்தா கெட்டுகது?" என்று சொல்லி, காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அன்றைக்கு முளையடிக்கும் அதிகாரமும் என்னிடமிருந்து போயிற்று.

ஒரு வருஷத்தில் பொற்றை சோலையாகிவிடவில்லை. துலாமழையில் ஓடைக்கு இறங்கிய தண்ணீரில் சிவப்பு கொஞ்சம் குறைந்திருந்ததாக அவள் சொன்னாள். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனால் தலையாட்டி வைத்தேன். மாசி வந்தது. சுற்றியுள்ள பொற்றைகளெல்லாம் எரிந்து சுத்தமாகக் கறுத்துக் கிடந்தன. எங்களுடையது மட்டும் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் புல்லோடு, மாசக்கணக்கில் சவரம் செய்யாத முகத்தைப்போல நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்துப் பறம்புக்காரர், அதாவது அடுத்த தோட்டத்துக்காரர், வேலியருகே என்னை நிறுத்தினார்.

"ஓய், வீட்டுல தீப்பெட்டி இல்லேன்னா சொல்லும். இந்தாரும்" என்று மடியிலிருந்து எடுத்து நீட்டினார். கூட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? சிரித்துவிட்டு வந்திருக்கவேண்டும். ஆனால் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு நேரே பொற்றையில் ஏறினேன். வடகிழக்கு மூலையில் ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டேன். காற்றும் ஒத்தாசை செய்தது. தீயைப் பரப்புவதற்காகக் குனிந்து, ஒரு கைப்பிடி காய்ந்த புல்லை வேரோடு பிடுங்கினேன்.

கை சில்லென்றது. மாசி மாசத்து மத்தியான வெயிலில், அந்தப் புல்லுக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. சிவப்பாகவும் இல்லை, லேசாகக் கறுத்திருந்தது. ஒரு மண்புழு வெளிச்சம் பிடிக்காமல் நெளிந்து உள்ளே போயிற்று. இந்த மண்ணுக்குச் சேரவேண்டிய சத்தை அல்லவா இத்தனை வருஷம் பெருமையாகப் புகையாக்கி அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று அந்த நொடியில் எனக்கு உறைத்தது. தீ அதற்குள் என் முட்டியை எட்டியிருந்தது.

தோளில் கிடந்த நேரியதுத் துண்டை இழுத்துத் தீயை அடித்தேன். பாலராமபுரத்து நெசவு, ஓணத்துக்கு அவள் ஆசையாக வாங்கித் தந்தது. அதைக்கொண்டே அடித்து அடித்துக் கூச்சல் போட்டேன். புகையைப் பார்த்து அவள் இடுப்பில் குடத்தோடு ஓடிவந்தாள். ஊற்றினாள், இறங்கினாள், மறுபடி நிறைத்துக்கொண்டு ஏறினாள். மூன்றாவது குடத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

"ஊற்றுக்குழியிலயா எடுக்கிற? வெள்ளம் உண்டா?"

"உண்டு. அதத் தெரிஞ்சுக்கிடதுக்கு தீயா வைக்கணும்?"

ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு எரிந்தபின் தீ அடங்கியது. ஓட்டை ஓட்டையாகப் போயிருந்த நேரியதை அவள் விரித்துப் பார்த்தாள், மடித்தாள், இறங்கிப் போய்விட்டாள். எனக்குச் செத்துவிடலாம்போல வெட்கமாக இருந்தது.

பங்குனியில் ஒரு கோடை மழை பெய்தது. அதற்கு மூன்றாம் நாள் அண்ணன் கயிற்றோடு வந்துவிட்டார். ஊற்றுக்குழியில் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர் கிடப்பதைப் பார்த்து முதலில் அவர் நாக்கு அடங்கியது. மேலே ஏறினோம். மஞ்சள் புல்லின் அடியில் பச்சை விட்டிருந்தது. பசு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தது. நடந்து நடந்து வடகிழக்கு மூலைக்கு வந்தார். அங்கே மழை சாம்பலை அரித்துக்கொண்டு போய், வாய்க்கால் வாய்க்காலாகச் செம்மண் தெரிந்தது.

"இது எந்த மடையன் செய்த வேலை?" என்று கேட்டார்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அதுவா? வித்தியாசம் தெரியணும்னு இவங்க அளந்து எரிச்சு வச்சிருக்கதாக்கும். வெள்ளம் விட்டுப் பாருங்க, தெரியும்."

குடம் வந்தது. இந்தத் தடவை வாய்ப்பாடு சொன்னவர் அண்ணன். ஈர்பதினாறில் அவர் வேட்டிக் கரை சிவப்பாயிற்று. இரண்டு எட்டு தள்ளி, புல்லில் ஊற்றியது அங்கேயே இறங்கிவிட்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உத்தியோகம் பாக்குத மூளைன்னா சும்மாவா!" என்று என் முதுகில் ஓங்கித் தட்டினார். கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு செங்கலுக்குத் திரும்பினார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. தங்கச்சி மாப்பிள்ளையின் மூளையைப்பற்றி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அடுத்த மாசியில் அங்கே நாலைந்து வீட்டார் பொற்றையை எரிக்காமல் விட்டு, ஒரு மூலையில் மட்டும் தீ வைத்தார்கள். அது பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. எனக்குத் தீப்பெட்டி கொடுத்த பறம்புக்காரர்கூட இரண்டு வருஷம் பார்த்துவிட்டு அப்படியே செய்தார். ஒருவர் வீடு தேடி வந்து, எந்த மூலையில் தீ வைப்பது சாஸ்திரம் என்று கேட்டார். வடகிழக்கு என்றேன். வேறு என்ன சொல்வேன்?

அவர் படி இறங்கியதும் அடுக்களையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்றைக்குத்தான் தைரியம் வந்து அவளிடம் கேட்டேன். "அண்ணன்கிட்ட என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே. பசுவை விட்டுப் பிரியும்போதெல்லாம் ரெண்டு நாள் என்கிட்டக் கோபமா இருந்தவதானே நீ?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பசுவுக்கா நான் மிண்டாம இருந்தேன்? அண்ணன் உங்கள நாலு பேரு முன்னால குறைச்சுப் பேசிட்டுப் போவாரு. அதக் கேட்டுட்டு எப்பிடி உங்க முகத்தப் பாக்குகது?"